நாளையை விற்கும் கணக்கு: சம்பள உச்சவரம்பும் வீரர் பரிமாற்றமும்

(ஆக்லாந்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



பொருளியலில் ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். நான் கூடைப்பந்தைத் தேர்ந்துகொண்டேன். இந்த அரங்கில் உள்ள இளைஞர் பலர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் செய்திகளைக் கைப்பேசியில் நாள்தோறும் தொடர்கிறார்கள். எந்த வீரர் எந்த அணிக்குப் போவார் என்ற பேச்சு ஆட்டத்தைவிடச் சுவையாகிவிட்ட காலம் இது. அந்தப் பேச்சுக்கு அடியில் ஓர் உறுதியான கணக்கு இருக்கிறது. அதைச் சொல்ல இந்த நகரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கைப் போடும் முப்பது அணி மேலாளர்களில் ஒருவர் இங்கே பிறந்தவர். 1975இல் ஆக்லாந்தில் பிறந்து, வடகரையில் ரங்கிடோட்டோ கல்லூரியில் படித்து, என்பிஏவில் ஆடிய முதல் நியூசிலாந்துக்காரரான ஷான் மார்க்ஸ், 2016 பிப்ரவரி முதல் புரூக்ளின் நெட்ஸ் அணியின் பொது மேலாளர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பள உச்சவரம்பு பணத்துக்கு எல்லை கட்டுகிறது. பணத்தால் முந்த வழியில்லாதபோது அணிகள் காலத்தால் முந்தப் பார்க்கின்றன. வரப்போகும் ஆண்டுகளை விற்று இந்த ஆண்டை வாங்குகின்றன. அல்லது இந்த ஆண்டை விட்டுக்கொடுத்து வரும் ஆண்டுகளைச் சேர்க்கின்றன. வீரர் பரிமாற்றம் ஒவ்வொன்றையும் ஆண்டுகளின் பரிமாற்றமாகப் படித்தால்தான் அது விளங்கும். இதை ஏழு கூறுகளாக விரிக்கிறேன்.

1. இறுக்கமான வரம்பும் நெகிழ்வான வரம்பும்

முதலில் நம் ஊர். பென்ரோஸில் மவுண்ட் ஸ்மார்ட் அரங்கில் ஆடும் வாரியர்ஸ் அணி 1995 முதல் ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியில் இருக்கிறது. அங்கே உள்ள வரம்பு இறுக்கமானது. மீறினால் தண்டனை. வரம்பை மீறிச் சம்பளம் கொடுத்தது தெரியவந்ததால் வாரியர்ஸ் 2006 பருவத்தைப் பூச்சியத்துக்கும் கீழே, நான்கு புள்ளி குறைவாகத் தொடங்கியது. 430,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் கட்டியது. 2010இல் மெல்போர்ன் ஸ்டார்ம் அணிக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. 2007, 2009 ஆண்டுகளில் வென்ற பட்டங்கள் பறிக்கப்பட்டன. அந்தப் பருவம் முழுக்க ஒரு புள்ளிகூடக் கிடையாது என்றார்கள். வென்ற ஆண்டும் போயிற்று, ஆடும் ஆண்டும் போயிற்று. தண்டனையின் வடிவத்தைக் கவனியுங்கள். அபராதம் கட்டியதோடு முடியவில்லை. ஆண்டுகளைக் கொடுத்துத்தான் கணக்கு நேரானது.

என்பிஏவின் வரம்பு நெகிழ்வானது. 1984–85 பருவத்தில் அது அறிமுகமானபோது ஓர் அணிக்கு 3.6 மில்லியன் டாலர். 2025–26 பருவத்தில் 154.647 மில்லியன். லீக்கின் கூடைப்பந்து வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்கு என்பது தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தம். அதை அணிகளுக்குப் பிரித்து வரும் எண்தான் வரம்பு. ஆனால் இதைத் தாண்டலாம். ஒரு வீரர் மூன்று பருவம் தம் அணியில் தொடர்ந்து இருந்திருந்தால், வரம்பைத் தாண்டியும் அந்த அணி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். பாஸ்டன் அணியின் லாரி பேர்ட் பெயரால் வழங்கும் விதிவிலக்கு இது. இங்கேயும் உரிமையைத் தருவது காத்திருந்த ஆண்டுகள்தான்.

தாண்டிய அணிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வெளியாள் ஒருவரை வாங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய அதே அளவு சம்பளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். 2025–26 பருவத்தில், சம்பளப் பட்டியல் 187.895 மில்லியனைத் தாண்டினால் ஆடம்பர வரி. 195.945 மில்லியனில் முதல் தடுப்பு, 207.824 மில்லியனில் இரண்டாம் தடுப்பு. ஒவ்வொரு கோட்டைக் கடக்கும்போதும் சில கதவுகள் அடைபடும். ஒரு மேலாளரின் அன்றாட வேலை இந்தக் கோடுகளுக்கு நடுவே நடப்பது.

2. தேர்வுரிமை என்னும் நாணயம்

ஆண்டுதோறும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை டிராஃப்ட். தோற்ற அணிக்கு முன்வரிசையில் வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் தேர்வான இளைஞருக்குச் சம்பளம் அட்டவணைப்படி. நான்கு ஆண்டுவரை அவர் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் அதுதான். வரம்பு இல்லாத உலகில் இது சின்னச் சலுகை. வரம்புள்ள உலகிலோ பெருஞ்செல்வம். நாற்பது மில்லியனுக்கு ஆடக்கூடியவர் பத்து மில்லியனுக்கு ஆடினால், மிச்சமுள்ள முப்பதில் இன்னொரு நல்ல வீரரைச் சேர்க்கலாம்.

இந்தத் தேர்வுரிமையை விற்கலாம். ஏழு ஆண்டுக்குப் பிந்தைய உரிமையைக்கூட இன்றே விற்கலாம். இன்று பள்ளியில் படிக்கும் ஒரு பையன், தான் யாரென்று எவருக்கும் தெரியாத நிலையிலேயே, ஒரு பரிமாற்றத்தின் பகுதியாகிவிடுகிறான். இதில் பேராசை வரும் என்று லீக்குக்கு அனுபவம் கற்றுக்கொடுத்தது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் முதல் சுற்று உரிமைகளை வரிசையாக விற்று அணியைக் காலியாக்கினார். அதன்பின் வந்த விதி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வு இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது என்கிறது. அந்த விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நம் மரபில் இதற்கு நிகரான அறிவு உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு விட்ட செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடு சாகலாம், குட்டி பிறக்கலாம். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. ஆகவே சாவா மூவாப் பேராடு என்று பொறித்தார்கள். முதல் அப்படியே நிற்க, விளைவைக் கொண்டு விளக்கு எரிந்தது. இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையும் அதே வழியில்தான் நிற்கிறது. ஒரு விளையாட்டு அணியின் தேர்வுரிமைகள் அதன் பேராடு. அதை அறுத்து ஒரு நாள் விருந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் புரூக்ளினே சாட்சி.

3. ஒரே நாளில் விற்ற ஐந்தாண்டு

நியூஜெர்சியில் இருந்த நெட்ஸ் 2012இல் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. புது அரங்கு, ரஷ்யச் செல்வர் மிகயீல் புரொகோரவ் உரிமையாளர். உடனே பட்டம் வேண்டும் என்ற வேகம். 2013 கோடையில் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெரி ஆகியோரை வாங்கினார்கள். கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. விலையாக வீரர்களோடு 2014, 2016, 2018 முதல் சுற்று உரிமைகளும், 2017இல் தேர்வு வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் போயின. அடுத்தடுத்த ஆண்டை விற்கக் கூடாது என்ற விதியை எழுத்தளவில் காத்துக்கொண்டே, இடைப்பட்ட ஆண்டை இடமாற்றம் என்ற பெயரில் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பருவத்தில் நெட்ஸ் கட்டிய ஆடம்பர வரி மட்டும் 90 மில்லியன் டாலருக்கு மேல். இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோற்றார்கள். 2014இல் பியர்ஸ் போய்விட்டார்; 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் போனார். விருந்து முடிந்தது, கடன் மட்டும் நின்றது. 2016இல் பாஸ்டன் அந்த உரிமையில் மூன்றாம் இடத்தில் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2016–17இல் நெட்ஸ் 82 ஆட்டத்தில் இருபதுதான் வென்றது, லீக்கிலேயே கடைசி. அந்தத் தோல்விக்குப் பரிசாக வந்த முதலிடம் பாஸ்டனுக்குப் போயிற்று. பாஸ்டன் அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்து, மூன்றாம் இடத்தோடு இன்னோர் உரிமையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் பாஸ்டன் பட்டம் வென்றபோது அணியின் இரு தூண்கள் இந்த இருவரும்தான். ஒரு பருவ ஆசைக்குப் புரூக்ளின் கொடுத்த விலை, பதினோரு ஆண்டு கழித்துப் பாஸ்டனில் பட்டமாக விளைந்தது.

4. வெற்றிடமும் ஒரு சொத்து

மார்க்ஸ் பொறுப்பேற்றபோது நெட்ஸிடம் தோற்றாலும் பயன் இல்லை. தோல்வியின் பலன் அடுத்தவருடையது. நல்ல வீரர் இல்லை, தேர்வுரிமை இல்லை. இருந்தது ஒன்றுதான்: வரம்புக்குள் காலி இடம். அதைத்தான் அவர் விற்றார்.

அந்த நேரம் வாய்ப்பானது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் வரம்பு 70 மில்லியனிலிருந்து 2016–17இல் ஒரே தாவலாக 94.143 மில்லியனுக்கு உயர்ந்தது. எல்லா அணியிடமும் திடீரென்று பணம். அவசரத்தில் பல அணிகள் சுமாரான வீரர்களுக்கு நீண்ட, கொழுத்த ஒப்பந்தங்களைக் கொடுத்தன. ஓராண்டில் அவை சுமையாயின. சுமையை இறக்கிவைக்க யாராவது இடம் தர வேண்டும். இடம் தருபவருக்குக் கூலி உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ், டிமோஃபி மோஸ்கோவுக்கு நான்காண்டுக்கு 64 மில்லியன் எழுதிக் கொடுத்திருந்தது. 2017 ஜூனில் அந்தச் சுமையை மார்க்ஸ் ஏற்றுக்கொண்டார். கூலியாக, 2015 டிராஃப்டில் இரண்டாம் இடத்தில் தேர்வான டிஆஞ்சலோ ரசலைப் பெற்றார். கொடுத்தது, ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சமிருந்த புரூக் லோப்பஸும் 27ஆம் இடத் தேர்வும். அதே கோடையில் டொராண்டோவின் டிமார் கேரல் ஒப்பந்தத்தை ஏற்றார். கூடவே ஒரு முதல் சுற்று உரிமையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையும் வந்தன.

இந்தக் கணக்கில் லேக்கர்ஸ் ஏமாந்தது என்று எண்ண வேண்டாம். மோஸ்கோவின் ஒப்பந்தம் 2020 வரை ஓட வேண்டியது. அது போனதால் திறந்த இடம், 2018இல் லெப்ரான் ஜேம்ஸ் வந்து சேர வழி செய்தவற்றுள் ஒன்று. ஒருவருக்கு அடுத்த கோடை வேண்டும், மற்றவருக்கு அடுத்த ஐந்தாண்டு வேண்டும். இருவரும் தத்தம் தேவைக்கு ஏற்ற காலத்தை வாங்கினார்கள்.

ஒப்பந்தம் ஒன்றை இன்னும் கிட்டப் பார்ப்போம். 2016 கோடையில் மயாமியின் இளம் வீரர் டைலர் ஜான்சனுக்கு மார்க்ஸ் நான்காண்டுக்கு 50 மில்லியன் தருவதாக எழுதினார். ஜான்சன் மயாமியின் கட்டுப்பாட்டில் உள்ளவர். மூன்று நாளுக்குள் அதே தொகையைத் தர ஒப்புக்கொண்டால் மயாமி அவரை வைத்துக்கொள்ளலாம். தொகை சமமாகப் பிரிக்கப்படவில்லை. முதல் இரண்டு ஆண்டும் ஆறு மில்லியனுக்குக் கீழே; பின்னிரண்டு ஆண்டும் பத்தொன்பது மில்லியன் அளவில். மொத்தத்தை மட்டும் படித்தவர்களுக்கு இது பெரிய சம்பளம். ஆண்டுவாரியாகப் படித்தவர்களுக்கு இது மயாமியின் மூன்றாம் ஆண்டில் வைத்த பொறி. மயாமி ஒப்புக்கொண்டது. இன்று இலகு, நாளை பாரம் என்ற அந்த வடிவத்தில்தான் மார்க்ஸின் முறை தெளிவாகத் தெரிகிறது.

வாங்கிய சிறு உரிமைகளில் கேரிஸ் லெவர்ட், ஜாரெட் ஆலன் என்று இளைஞர்களை எடுத்தார். மற்ற அணிகள் கைவிட்ட ஸ்பென்சர் டின்விடி, ஜோ ஹாரிஸ் போன்றோருக்கு இடம் கொடுத்தார். இருபது வெற்றி 28 ஆயிற்று, பின் 42 ஆயிற்று. 2019 கோடையில் கெவின் டுரான்ட், கைரி இர்விங் இருவரும் புரூக்ளினைத் தேர்ந்தார்கள். உரிமை இல்லாத அணி, மூன்றே ஆண்டில் லீக்கின் நடுமேடைக்கு வந்தது.

5. மீட்டவரே மீண்டும் விற்றார்

2021 ஜனவரியில் ஜேம்ஸ் ஹார்டனை வாங்க மார்க்ஸ் கொடுத்தது: லெவர்ட், ஆலன் உள்ளிட்ட வீரர்கள், 2022, 2024, 2026 முதல் சுற்று உரிமைகள், 2021, 2023, 2025, 2027 ஆண்டுகளில் இடமாற்ற உரிமைகள். 2013இல் விற்றதைவிட நீண்ட காலம். டுரான்ட், இர்விங், ஹார்டன் மூவரும் சேர்ந்து களம் இறங்கிய ஆட்டங்கள் இருபதைக்கூட எட்டவில்லை. காயம், தடுப்பூசிச் சர்ச்சை, மனக்கசப்பு. 2022 பிப்ரவரியில் ஹார்டன் போனார். 2023 பிப்ரவரியில் இர்விங்கும் டுரான்டும் ஒரே வாரத்தில் போனார்கள்.

இங்கே 2013இன் கதையே திரும்பியது என்று பலர் முடித்துவிடுகிறார்கள். ஒரு முக்கியமான வேறுபாட்டை அவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். 2013இல் விற்ற மேலாளர் கடன் முதிர்ந்தபோது அந்த நாற்காலியில் இல்லை. 2021இல் விற்றவர் இருந்தார். தாம் செய்த கடனைத் தாமே அடைக்க வேண்டியிருந்தது. டுரான்டுக்கு ஈடாக ஃபீனிக்ஸிடமிருந்து மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் ஆகியோரையும் நான்கு முதல் சுற்று உரிமைகளையும் வாங்கினார். 2024 ஜூனில் பிரிட்ஜஸை நியூயார்க் நிக்ஸுக்குக் கொடுத்து ஐந்து முதல் சுற்று உரிமைகளைப் பெற்றார். அதே வேளையில், ஃபீனிக்ஸ் உரிமைகளில் சிலவற்றை ஹூஸ்டனிடம் கொடுத்து, தம் அணியின் சொந்த 2025, 2026 ஆண்டுகளை மீட்டார். அடகுவைத்த ஆண்டுகளை அடுத்தவர் ஆண்டுகளைக் கொண்டு திருப்பினார். 2025 ஜூனில் ஒரே டிராஃப்டின் முதல் சுற்றில் ஐந்து வீரர்களை எடுத்த முதல் அணி நெட்ஸ்.

அந்த ஐவரும் வெல்வார்களா என்பதை ஆட்டம் சொல்லட்டும். நான் வலியுறுத்துவது அமைப்பைப் பற்றியது. மூன்றாண்டுப் பதவி உள்ளவரிடம் ஏழாண்டை விற்கும் அதிகாரம் இருந்தால் அவர் விற்பார். விற்றவர் விளைவையும் சந்திக்கும்படி பதவிக்காலம் அமைந்தால் மீட்பதற்கும் வழி தேடுவார். இது கூடைப்பந்துக்கு மட்டும் உரிய நீதி இல்லை. பொதுப்பணத்தைக் கையாளும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

6. ஆண்டுகளுக்கு முகம் உண்டு

இதுவரை மனிதரை உரிமை என்றும் சுமை என்றும் பேசினேன். அந்த மொழியின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ரோட்டோருவாவில் பிறந்த ஸ்டீவன் ஆடம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ 2012இல் கைல் லவ்ரிக்காக ஹூஸ்டனுக்கு ஒரு வருங்கால உரிமையைக் கொடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஹூஸ்டன் அதை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்தது. எதற்காக? ஜேம்ஸ் ஹார்டனுக்காக. டுரான்ட், ரசல் வெஸ்ட்புரூக் ஆகியோருக்கு ஏற்கெனவே நீண்ட ஒப்பந்தம் எழுதியிருந்த ஓக்லஹோமா, வரிக்கோட்டை நினைத்து ஹார்டனுக்கு அவர் கேட்ட முழுத் தொகையைத் தரத் தயங்கியது. இரண்டு கைமாறி வந்த அந்தக் காகிதம் 2013 ஜூனில் பன்னிரண்டாம் இடமாக விழுந்தது. அந்த இடத்தில் எழுந்து நின்றவர் ஆடம்ஸ். ஒரு மாநகரம் தன் நாயகனை இழந்த வருத்தத்தின் மறுபக்கமாக இந்த நாட்டுக்கு ஒரு நாயகர் கிடைத்தார்.

அவரும் பின்னாளில் எண்ணாக ஆனார். 2020இல் நியூ ஆர்லியன்ஸ், 2021இல் மெம்ஃபிஸ், 2024 பிப்ரவரியில் ஹூஸ்டன். கடைசிப் பரிமாற்றம் நடந்தபோது முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் முழுக்க அவரால் ஆட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆட முடியாதவரை ஹூஸ்டன் ஏன் வாங்கியது? அடுத்த பருவத்தை வாங்கியது. மெம்ஃபிஸ் ஏன் விட்டது? அதே அடுத்த பருவத்தின் சம்பளத்தை இறக்கிவைத்தது. வாங்கியவரும் விற்றவரும் பார்த்தது ஒரே ஆண்டைத்தான்.

என்பிஏவில் பெரும்பாலான வீரர்களுக்குப் பரிமாற்றத்தில் ஒப்புதல் உரிமை கிடையாது. மார்க்ஸே 1998இல் நியூயார்க் தேர்ந்தெடுத்த சூட்டோடு டொராண்டோவுக்கு அனுப்பப்பட்டவர். சார்லஸ் ஓக்லியும் மார்கஸ் கேம்பியும் இடம் மாறிய பெரிய பரிமாற்றத்தில் அவர் சிறு இணைப்பு. இன்று முப்பது நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்து மற்றவர் வாழ்க்கையை இடம் மாற்றுபவர், ஒரு காலத்தில் அப்படி இடம் மாறியவர். ஒரு வீட்டின் சாமான்கள், பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை எல்லாமே ஒரு தொலைபேசி அழைப்பில் நகர்கின்றன. நாம் சுவையாகப் பேசும்போது அதை மறக்கலாகாது.

7. வதந்தியைச் சோதிக்கும் மூன்று கேள்வி

இனி இளைஞர்களுக்கு நேரடியாக ஒரு கருவி. பரிமாற்ற வதந்தி ஒன்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, கணக்கு பொருந்துகிறதா? கோட்டைத் தாண்டிய அணி, சம்பளத்துக்கு ஈடான சம்பளத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா? இரண்டாம் தடுப்பைத் தாண்டிய அணி இரு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. பத்து வதந்தியில் பல இந்த ஒரு கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, யாருடைய ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம்? 2022 ஜூன் 30 அன்று டுரான்ட் தம்மை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். கோடை முழுக்க நாளொரு ஊர்ப்பெயர் அடிபட்டது. மார்க்ஸ் அசையவில்லை. டுரான்டின் நான்காண்டு ஒப்பந்தம் அப்போதுதான் தொடங்கவிருந்தது. அவசரம் வீரருக்குத்தான், அணிக்கு இல்லை. ஆகஸ்ட் 23 அன்று அவர் தொடர்வார் என்று அறிவித்தார்கள். அடுத்த பிப்ரவரியில், ஃபீனிக்ஸுக்குப் புதிய உரிமையாளர் வந்த அதே வாரம், கேட்ட விலை கிடைத்தபோது மார்க்ஸ் அவரைக் கொடுத்தார். அந்த ஏழு மாத வதந்திக்கு விடை ஒப்பந்தத்தின் கடைசித் தேதியிலேயே இருந்தது.

மூன்றாவது, இந்தச் செய்தி வெளிவருவதால் யாருக்கு ஆதாயம்? முகவர் விலை ஏற்றுகிறார், அணி போட்டியாளரை மிரட்டுகிறது. உண்மையிலேயே வேண்டும் என்பவர் வாய் திறப்பதில்லை. 2025 பிப்ரவரியில் லூக்கா டான்சிச் டல்லஸிலிருந்து லேக்கர்ஸுக்குப் போனது அண்மைக்காலத்தின் மிகப் பெரிய பரிமாற்றம். அதற்கு முன் ஒரு முணுமுணுப்பும் இல்லை.

ஐபிஎல் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கும் இது பயன்படும். 2025 நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. பல வாரம் ஓடிய பேச்சில் விசுவாசம், துரோகம் என்ற சொற்களே அதிகம் அடிபட்டன. ஏலத் தொகைக்கு வரம்புள்ள லீக் அது. அப்போது ஜடேஜாவுக்கு 37 வயது நெருங்கியிருந்தது, சாம்சனுக்கு 31. சென்னை வாங்கியது அந்த ஆறு ஆண்டு இடைவெளியை. ஜடேஜா சென்னைக்குச் செய்ததை மதித்துக்கொண்டே இந்தக் கணக்கையும் படிக்க முடியும். ஒரு சிறப்பும் அங்கே உண்டு: ஐபிஎல் பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும். இந்த ஒரு விதியிலாவது அமெரிக்கா நம்மிடம் கற்கலாம்.

நிறைவுரை

அன்பர்களே, வரம்பின் நோக்கம் நியாயமானது. பெரிய நகரத்துச் செல்வரும் சிறிய நகரத்து அணியும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும் என்பது அது. ஆனால் ஒரு வாசலில் பூட்டு விழுந்தால் ஆசை வேறு வாசலைத் தேடும். பணத்தின் வாசல் அடைபட்டதால் காலத்தின் வாசலில் நெரிசல் கூடியது. லீக் அதையும் மெல்ல உணர்ந்துவருகிறது. 2023இன் புதிய ஒப்பந்தப்படி, இரண்டாம் தடுப்பைத் தாண்டிப் பருவத்தை முடிக்கும் அணியின் ஏழாண்டுக்குப் பிந்தைய முதல் சுற்று உரிமை முடக்கப்படும். அதை விற்க முடியாது. வரம்பு ஓராண்டில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றும் வைத்தார்கள். 76 பில்லியன் டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் தொடங்கிய 2025–26இலும் வரம்பு சரியாகப் பத்து விழுக்காடுதான் ஏறியது. 2016இன் தாவலும் அது விளைத்த அவசரமும் மீண்டும் வரவில்லை. பணத்தைக் காக்க எழுதிய சட்டம் இப்போது காலத்தையும் காக்கத் தொடங்கியிருக்கிறது. நான் வரவேற்கும் மாற்றம் இது.

இன்னும் இரண்டு மாற்றங்களை நான் விரும்புகிறேன். ஓர் அணியில் நெடுநாள் ஆடிய வீரருக்குப் பரிமாற்றத்தில் ஒப்புதல் உரிமை வேண்டும். அந்த ஊரில் வேர்விட்டவரை அவர் குரல் கேளாமல் பிடுங்கலாகாது. தேர்வுரிமையை விற்கும் எல்லை ஏழிலிருந்து நான்காகக் குறைய வேண்டும். ஒரு மேலாளர் விற்பது பெரும்பாலும் தம் பதவிக்காலத்துக்குள் முதிரும்படி இருக்க வேண்டும். இரண்டும் ஆட்டத்தின் சுவையைக் குறைக்காது, பொறுப்பைக் கூட்டும்.

கூடைப்பந்து இந்த நாட்டுப் பள்ளிகளில் வேகமாக வளர்கிறது. நம் பிள்ளைகள் பலர் அதை ஆடுகிறார்கள். 2003இல் தொடங்கி நான்கு முறை ஆஸ்திரேலிய லீக்கை வென்ற பிரேக்கர்ஸ் அணி இந்த நகரத்தில் இருக்கிறது. பந்தைக் கூடையில் போடக் கற்கும் பிள்ளைகள் ஒப்பந்தத்தை ஆண்டுவாரியாகப் படிக்கவும் கற்கட்டும். ரங்கிடோட்டோவில் படித்த ஒருவர் இரண்டையும் செய்திருக்கிறார். அணியை நேசிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, யாரை வாங்கினோம் என்பதோடு நிற்கக் கூடாது. எந்த ஆண்டைக் கொடுத்து வாங்கினோம், அந்த ஆண்டு வரும்போது பொறுப்பில் யார் இருப்பார் என்றும் கேட்க வேண்டும். அணி நிர்வாகிகளிடம் இதைக் கேளுங்கள்; விடை வரும்வரை கேளுங்கள்.